ஹார்ட்கோர் மோடு தருவதற்கு முன் கேம் நிலையாக ஓடட்டும்

விளையாடுபவரின் நேரத்தைப் பணயமாகக் கேட்கும் மோடுகள் பெருகிவிட்டன. 2025 பிப்ரவரியில் வெளியான ‘கிங்டம் கம்: டெலிவரன்ஸ் 2’ கேமுக்கு ஏப்ரலிலேயே ஹார்ட்கோர் மோடு வந்துவிட்டது. ஃபால்அவுட் 4, ஸ்கைரிம், மைன்கிராஃப்ட், நோ மேன்ஸ் ஸ்கை, டயாப்லோ 4 என்று பெரிய உலகத்தைத் திறந்துவிடும் கேம்கள் பலவற்றில் இப்படி ஒரு வாசல் இருக்கிறது. உள்ளே போனால் பசிக்கும், தாகம் எடுக்கும், குளிரும். வரைபடம் வழி சொல்லாது. நினைத்த இடத்தில் சேவ் செய்ய முடியாது. செத்தால் சில மணிநேர உழைப்பு போகும். சில கேம்களில் அந்தக் கதாபாத்திரமே போய்விடும்.

இந்தக் கடுமையை நாம் குறை சொல்லவில்லை. கேட்டு வாங்கிக்கொண்ட கடுமை அது. கேமர்களில் ஒரு பெரும்பகுதியினர் அதை மனமார நேசிக்கிறார்கள். நாம் எச்சரிப்பது வேறொன்றைப் பற்றி. சேவ் செய்யும் வசதியை எடுத்துக்கொள்ளும் நிறுவனங்கள், அதற்கு ஈடாகத் தர வேண்டிய ஒரே பொருளான நம்பகமான மென்பொருளைத் தருவதில்லை. எதிரி கொன்றால் அது விளையாட்டு. கேம் கிராஷ் ஆகி மூடிக்கொண்டதால் இரண்டு மணிநேரம் போனால் அது நஷ்டம். இந்த இரண்டையும் ஒன்றாக்கி, இரண்டாவதையும் ‘ஹார்ட்கோர்’ என்ற பெயரில் விளையாடுபவர் தலையில் கட்டும் பழக்கம் வேரூன்றிவருகிறது. இதை இப்போதே தட்டிக்கேட்க வேண்டும்.

ஃபால்அவுட் 4-ஐயே எடுத்துக்கொள்வோம். அணுப்போருக்குப் பிந்தைய பாஸ்டனில் நடக்கும் இந்த கேம் 2015 நவம்பரில் வெளியானது. ‘சர்வைவல்’ என்ற கடின நிலை அதில் முதல் நாளிலிருந்தே இருந்தது. ஆனால் அது வெறும் கணக்கு மாற்றம்தான்: எதிரிகள் சீக்கிரம் சாக மாட்டார்கள், நாம் சீக்கிரம் செத்துவிடுவோம். கொள்ளைக்காரன் ஒருவன் தலையில் துப்பாக்கியைக் காலிசெய்தாலும் நின்றுகொண்டே இருப்பான். சலிப்பு என்பதைத் தவிர அதற்கு வேறு பெயரில்லை. பெதஸ்டா நிறுவனம் 2016 மார்ச் இறுதியில் அந்த நிலையை அடியோடு மாற்றிச் சோதனைக்கு விட்டது. அடுத்த சில வாரங்களில் அது எல்லோருக்கும் வந்தது.

புதிய சர்வைவலில் அடி இரு பக்கமும் பலமாக விழும். தோட்டாவுக்கும் எடை உண்டு. சுமக்கும் அளவு குறைவு. அழுக்குத் தண்ணீரும் பச்சை இறைச்சியும் நோய் தரும். நோய் வந்தால் ஆன்டிபயாடிக் தேடி அலைய வேண்டும். முறிந்த கால் தானாகக் கூடாது. திசைகாட்டியில் எதிரிகளைக் காட்டும் சிவப்புப் புள்ளிகள் இல்லை. வரைபடத்தில் ஒரு ஊரைத் தொட்டு அங்கே போய் நிற்கும் ஃபாஸ்ட் டிராவல் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு படுக்கையைக் கண்டுபிடித்து உறங்கினால்தான் சேவ் ஆகும்.

இதை விளையாடியவர்கள் ஏன் இவ்வளவு கொண்டாடினார்கள் என்பதைப் புரிந்துகொள்ளாமல் இதைக் குறைசொல்ல யாருக்கும் உரிமையில்லை. சாங்க்சுவரி என்ற தொடக்க ஊரிலிருந்து டைமண்ட் சிட்டிக்குப் போகிறீர்கள் என்று வையுங்கள். சாதாரண நிலையில் அது ஓட்டம். ஒருமுறை போய்விட்டால் அடுத்த முறை ஒரு கிளிக். சர்வைவலில் அது பயணம். வழியில் இடிந்து நிற்கும் ஒவ்வொரு வீட்டையும் பார்க்கும்போது மனதில் ஒரே கேள்விதான்: உள்ளே ஒரு மெத்தை கிடக்குமா? காலி பாட்டிலைத் தூக்கி எறிய மனம் வராது. கைப்பம்பைக் கண்டால் நிரப்பிக்கொள்ளலாமே. கண்ணிவெடி இருக்கும் தெருமுனை எது, கூரையிலிருந்து தீக்குப்பி எறிபவன் எந்தக் கட்டடத்தில் இருப்பான் என்பதெல்லாம் நினைவில் பதியும். குடியிருப்பு கட்டும் வசதியைப் பலர் பொழுதுபோக்காக மட்டுமே பார்த்தார்கள். அதுவும் இங்கே அர்த்தம் பெறுகிறது. வழியோரம் ஒரு கட்டில், ஒரு தண்ணீர்ப் பம்பு, நாலு காய்கறிச் செடி வைத்துவிட்டால் அது உங்கள் உயிர்நாடி. நூற்றுக்கணக்கானோர் பல ஆண்டு உழைத்துச் செய்த ஒரு உலகத்தை ஓடிக் கடக்காமல் நின்று பார்க்கவைத்தது இந்த மோடுதான். ஃபால்அவுட் 4-ஐ இப்படித்தான் விளையாட வேண்டும் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது.

ஆனால் அதே பயணத்தில், பாஸ்டன் நகரின் நடுப்பகுதிக்குள் நுழைந்ததும் வேறொரு ஆபத்து காத்திருக்கும். நெருக்கமான கட்டடங்கள், ஒரே நேரத்தில் கண்விழிக்கும் பல எதிரிக் கூட்டங்கள். எஞ்சின் திணறும், படம் தடுமாறும். சில நேரம் திரை உறைந்து கேம் மூடிக்கொள்ளும். கணினியிலும் கன்சோலிலும் விளையாடியவர்கள் அந்தப் பகுதியைப் பற்றி ஒரே மாதிரிதான் புலம்பினார்கள். சாதாரண நிலையில் இது எரிச்சல்; ஐந்து நிமிடத்துக்கு முந்தைய சேவிலிருந்து தொடரலாம். சர்வைவலில் கடைசியாகக் கண்ட கட்டில் ஒரு மணிநேரத்துக்கு முன்னால் இருந்தால், அந்த ஒரு மணிநேரம் முழுவதும் போய்விடும். யாரும் உங்களைத் தோற்கடிக்கவில்லை. நீங்கள் ஒரு தவறும் செய்யவில்லை.

வெளியேறும்போது மட்டும் தானாகப் பதிவாகி, மறுமுறை திறந்ததும் அழிந்துவிடும் சேவ் ஒன்று பின்னால் சேர்க்கப்பட்டது. நல்ல ஏற்பாடு. குழந்தை அழுதால், அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தால் எழுந்து போகலாம். ஆனால் கிராஷ் வெளியேறும் பொத்தானை அழுத்திவிட்டு வருவதில்லையே! கோடையில் மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாமல், யுபிஎஸ் இல்லாத கணினியில் விளையாடும் நம் ஊர் இளைஞருக்கும் அந்தச் சேவால் பயனில்லை.

அதனால் என்ன நடந்தது? விளையாடுபவர்களே வேலையில் இறங்கினார்கள். சர்வைவலின் பசி, தாகம், நோய் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு சேவ் வசதியை மட்டும் திரும்பக் கொண்டுவரும் மோட்கள் (விளையாடுபவர்களே கேமில் செய்யும் மாற்றங்கள்) வரிசையாக வந்தன. சிகரெட் பிடித்தால் சேவ் ஆகும் என்று வைத்தார் ஒருவர்; சேவ் செய்ய ஒரு பொருளைச் செலவழிக்க வேண்டும் என்று கடிவாளம் போட்டார்கள் வேறு சிலர். இவர்கள் கடுமைக்குப் பயந்தவர்கள் அல்லர். கடுமை பிடித்திருந்ததால்தான் அதைக் காப்பாற்றும் வழி தேடினார்கள். பிளேஸ்டேஷன் 4-இல் விளையாடியவர்களுக்கு மோட்கள் தாமதமாகத்தான் கிடைத்தன, அதுவும் பல கட்டுப்பாடுகளோடு. பணம் கட்டி கேம் வாங்கியவர், அது கிராஷ் ஆகும் என்பதற்காக முகம் தெரியாத ஒருவர் இலவசமாகச் செய்த மோட் ஒன்றை நம்பியிருக்க வேண்டும் என்ற நிலை அன்றே வந்துவிட்டது.

அந்த மோட்களும் நிரந்தரமல்ல. 2024 ஏப்ரலில் ஃபால்அவுட் தொலைக்காட்சித் தொடர் வெளியாகி, பழைய கேமைத் தேடிப் புதியவர்கள் குவிந்தார்கள். அதே மாதம் 25-ஆம் தேதி ஃபால்அவுட் 4-க்குப் பெரிய அப்டேட் ஒன்று வந்தது. பல மோட்களுக்கு அடிப்படையாக இருந்த ஸ்கிரிப்ட் எக்ஸ்டெண்டர் என்ற கருவி அதோடு வேலை செய்யவில்லை. அதை நம்பிய மோட்களும் படுத்துவிட்டன. ஆண்டுக்கணக்கில் உழைத்து ‘ஃபால்அவுட் லண்டன்’ என்ற முழு கேமையே உருவாக்கிய தன்னார்வலர்கள் வெளியீட்டை ஜூலைக்குத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது. ஓட்டைகளை அடைத்தவர்கள் யாரோ, அந்த அடைப்பைப் பிடுங்கிப் போட்டது கேமைச் செய்தவர்களே.

குறைகளை நிரப்புவதை ரசிகர்களிடம் விட்டுவிடும் பெதஸ்டாவின் வழக்கம் ஃபால்அவுட் 4 சர்வைவலுக்கும் முந்தையது. ஸ்கைரிம் 2011 நவம்பரில் வந்தபோது அதன் பனிமலைகளில் சட்டை இல்லாமல் நடந்தாலும் குளிராது. குளிரையும் பசியையும் கொண்டுவந்தவர்கள் மோட் செய்தவர்கள். ‘ஃபிராஸ்ட்ஃபால்’ போன்றவற்றை இன்றும் நன்றியோடு நினைப்பவர்கள் உண்டு. 2015 ஏப்ரலில் ஸ்டீம் தளத்தில் ஸ்கைரிம் மோட்களை விலைக்கு விற்கும் திட்டத்தைத் தொடங்கி, எதிர்ப்பு வெடித்ததும் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றார்கள். பிறகு 2017-இல் ‘கிரியேஷன் கிளப்’ என்ற கடையில் நிறுவனத்தின் பெயரிலேயே ஸ்கைரிமுக்கு சர்வைவல் மோடு வந்தது: முதலில் சில நாட்கள் இலவசம், பிறகு காசு. 2021 நவம்பரில்தான் அது ஸ்பெஷல் எடிஷன் வைத்திருந்த எல்லோருக்கும் இலவசமானது. ரசிகர்கள் ஆண்டுக்கணக்கில் இலவசமாகச் செய்து காட்டிய ஒரு யோசனை கடைச்சரக்காக மாறிய கதை இது. விற்பதில் தவறில்லை என்று வாதிடலாம். விற்கும் பொருளுக்கு விற்பவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதில் வாதமே கிடையாது.

பெதஸ்டாவை மட்டும் குறிவைப்பது நியாயமாகாது. ஒப்சிடியன் நிறுவனம் செய்த ‘ஃபால்அவுட்: நியூ வேகஸ்’ 2010-இலேயே ஹார்ட்கோர் மோடோடு வந்தது. தோட்டாவுக்கு எடை, மருந்து மெல்ல மெல்லத்தான் வேலை செய்யும், கூட வரும் தோழர் செத்தால் செத்ததுதான். அருமையான சிந்தனை. ஆனால் வெளியான நாட்களில் அந்த கேம் எத்தனை முறை கிராஷ் ஆகும் என்பது விளையாடியவர்களுக்குத் தெரியும். அங்கே நினைத்தபோது சேவ் செய்யலாம் என்பதால் அந்தப் பிழைகளை ஓரளவு பொறுத்துக்கொள்ள முடிந்தது. ஃபால்அவுட் 4 அந்தச் சேவையும் எடுத்துக்கொண்டது.

செக் குடியரசின் வார்ஹார்ஸ் ஸ்டூடியோஸ் 2018-இல் கொண்டுவந்த முதல் ‘கிங்டம் கம்’ கேமும் இதே பாடத்தைக் கற்றது. 1403-ஆம் ஆண்டு பொஹீமியாவில், கொல்லன் மகன் ஹென்றியாக நாம் வாழ்கிறோம். உறங்கினால் சேவ் ஆகும். இல்லையென்றால் ‘சேவியர் ஷ்னாப்ஸ்’ என்ற சாராயத்தைக் குடிக்க வேண்டும், அது சுலபமாகக் கிடைக்காது. யோசனை அழகானதுதான். ஆனால் வெளியான நேரத்தில் கேமில் பிழைகள் ஏராளம். பிழையால் மணிக்கணக்கில் இழந்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். வெளியேறும்போது சேவ் ஆகும் வசதியை நிறுவனம் பேட்ச் மூலம் சேர்த்தது. அந்தச் சேர்ப்பால் கேமின் கடுமை துளியும் குறையவில்லை என்பதைப் பிறகு விளையாடிய எல்லோரும் கண்டார்கள். அப்படியானால் முதல் நாளே ஏன் இல்லை?

வார்ஹார்ஸ் செய்த நல்லதையும் சொல்ல வேண்டும். அதன் ஹார்ட்கோர் மோடு, எதிரியின் உயிர்க்கணக்கைக் கூட்டிவிட்டுக் கைகழுவும் வேலை அல்ல. வரைபடத்தில் நாம் எங்கே நிற்கிறோம் என்று காட்டாது. ஆறு எந்தப் பக்கம் வளைகிறது, கோயில் கோபுரம் எங்கே தெரிகிறது என்று பார்த்துத்தான் வழி கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் பாகத்தில் பத்துக் குறைபாடுகளிலிருந்து குறைந்தது மூன்றை நாமே தேர்ந்தெடுத்துச் சுமக்க வேண்டும். முதுகுவலி உள்ள ஹென்றிக்கு அதிகம் தூக்க முடியாது. தூக்கத்தில் நடக்கும் ஹென்றி படுத்த இடத்தில் எழ மாட்டான். அதிகம் வியர்க்கும் ஹென்றியைத் தூரத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார்கள். இதெல்லாம் கதையோடு ஒட்டிய கஷ்டம். இப்படிக் கற்பனை செய்யத் தெரிந்தவர்களுக்குச் சேவைப் பறித்துத்தான் பயமுறுத்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சர்வரோடு இணைந்தே ஓடும் கேம்களில் நிலைமை இன்னும் மோசம். அங்கே ஹார்ட்கோர் என்றால் ஒரே உயிர். 2023 ஜூனில் டயாப்லோ 4 வெளியானபோது, ஹார்ட்கோரில் முதலில் நூறாம் நிலையை எட்டும் ஆயிரம் பேரின் பெயரைச் சிலையில் பொறிப்பதாக பிலிஸ்ஸார்டு அறிவித்தது. முதலில் எட்டியவரின் கதாபாத்திரம் அதன் பிறகு இறந்தது எந்த அரக்கனாலும் அல்ல, இணைப்பு அறுந்ததால். அதே நிறுவனம் அதே ஆண்டு ஆகஸ்டில் ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் கிளாசிக்’ கேமுக்கு ஹார்ட்கோர் சர்வர்களைத் திறந்தது. இணைப்பு போய் இறந்தாலும் இறந்ததுதான், முறையிடக் கூடாது என்பது விதி. 2025 மார்ச்சில் அந்தச் சர்வர்கள்மீது இணையத் தாக்குதல்கள் நடந்தன. பல ஸ்ட்ரீமர்கள் சேர்ந்திருந்த ஒரு பெரிய குழு ரெய்டின் நடுவே மாண்டது. மாதக்கணக்கான உழைப்பு நொடியில் போனது. அதன் பிறகு, அந்தத் தாக்குதல்களில் மாண்டவர்களை உயிர்ப்பிப்பதாக நிறுவனம் முடிவெடுத்தது.

முடிவு சரியானது, வரவேற்கிறோம். ஆனால் இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. விளையாடுபவரின் பிழையால் வந்த சாவு எது, சர்வரால் வந்த சாவு எது என்று பிரித்துப் பார்க்க முடியும். மனம் வைத்தால் திருப்பித் தரவும் முடியும். ஆயிரக்கணக்கானோர் நேரலையில் பார்த்துக்கொண்டிருந்த இழப்புக்கு ஒரு நீதி, வீட்டில் தனியாக விளையாடிய ஒருவர் சர்வர் கோளாறால் இழந்ததற்கு வேறு நீதி என்பது நிற்காது.

இனி கேமர்களிடம் பேச வேண்டும். இந்த மோடுகளைப் பற்றிய விவாதம் எங்கே நடந்தாலும் அது சீக்கிரமே இரண்டு அணிகளாகப் பிரிந்துவிடுகிறது. கிராஷ் ஆகி இரண்டு மணிநேரம் போனது என்று ஒருவர் சொன்னால், முடியாதவர்கள் ஈஸி மோடுக்குப் போங்கள் என்று பதில் வருகிறது. இதுதான் மிகவும் கவலை தருகிறது. கடுமையை நேசிப்பவர்களின் பெருமிதமே நிறுவனங்களுக்குக் கேடயமாகிவிடுகிறது. தரம் குறைந்த பொருளைப் பற்றிய புகார், திறமை குறைந்தவரின் புலம்பலாகத் திரிக்கப்படுகிறது. நினைவகக் கசிவால் வரும் கிராஷை எந்தத் திறமையாலும் வெல்ல முடியாது.

நினைத்தபோது சேவ் செய்ய விட்டால் ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் சேவ் செய்து, தோற்றால் திரும்ப ஏற்றி, பயமே இல்லாமல் போய்விடும் என்பது கடுமையை நேசிப்பவர்களின் வாதம். அந்த வாதத்தை மதிக்கிறோம். அதனால்தான் நாம் எல்லா நேரமும் சேவ் கேட்கவில்லை. வெளியேறும்போது பதிவாகித் திறந்ததும் அழியும் சேவ், கேம் ஒழுங்காக மூடப்படாதபோது மட்டும் திறக்கும் மீட்புச் சேவ் என்று இரண்டைக் கேட்கிறோம். இறந்த கணமே இரண்டும் அழியட்டும். சாவதற்கு ஒரு நொடி முன்னால் யாராவது மின்கம்பியைப் பிடுங்கி ஏமாற்றலாம்தான். தனியாளாக விளையாடும் கேமில் அவர் ஏமாற்றுவது தன்னைத்தான். அதற்காக நேர்மையாக விளையாடும் எல்லோரையும் தண்டிக்க வேண்டியதில்லை.

இந்தப் பேச்சில் அடிக்கடி மறக்கப்படுகிறவர்கள் உடல்நலக் குறைபாடு உள்ளவர்கள். கையில் வலி எழுந்ததும் நிறுத்தியாக வேண்டியவர், அரை மணிநேரத்துக்கு மேல் உட்கார முடியாதவர், திடீரென்று மருந்தோடு படுக்க வேண்டியவர். இவர்களில் கடுமையான சவாலைத் தேடுபவர்கள் நிறைய. எதிரியின் வாளை அவர்கள் எதிர்கொள்ளத் தயார். அடுத்த கட்டில் வரும்வரை எழக் கூடாது என்ற நிபந்தனைதான் அவர்களை வாசலிலேயே நிறுத்துகிறது. 2025 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட், நிண்டெண்டோ ஆஃப் அமெரிக்கா, இஏ, யூபிசாஃப்ட் உள்ளிட்ட நிறுவனங்கள் கேம்களில் உள்ள அணுகல் வசதிகளைக் குறிக்கப் பொது அடையாளங்களை அறிவித்தன. எப்போது வேண்டுமானாலும் சேவ் செய்யலாம் என்பது அவற்றில் ஒன்று. பெதஸ்டா இன்று மைக்ரோசாஃப்டின் கீழ் இருக்கிறது. தாய் நிறுவனம் அணுகல் வசதி என்று அறிவித்ததை அதன் கேம்களின் கடின மோடு பறிப்பது எப்படிப் பொருந்தும்?

வழி தெரியாமல் யாரும் தவிக்கவில்லை. 2024 மே மாதம் ‘ஸ்டார்ஃபீல்டு’ கேமுக்கு வந்த அப்டேட்டில் பெதஸ்டாவே வழி காட்டிவிட்டது. எதிரி எவ்வளவு வலுவாக இருக்க வேண்டும், உணவு தேவையா, சூழல் பாதிப்பு எவ்வளவு, சுமை எவ்வளவு என்று ஒவ்வொன்றையும் விளையாடுபவர் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். கடினமாக்கினால் அனுபவப் புள்ளி கூடும், எளிதாக்கினால் குறையும். பசி வேண்டும், சேவும் வேண்டும் என்பவர் மோட் தேடி ஓட வேண்டியதில்லை. ஃபால்அவுட் 4-இல் எட்டு ஆண்டுகள் கேட்டவர்களுக்குக் கிடைக்காதது அங்கே ஒரு மெனுவில் இருக்கிறது.

ஃபால்அவுட் வரிசையில் அடுத்த கேமும் ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ் 6’-உம் வரத்தான் போகின்றன. அவற்றில் சர்வைவல் மோடு வேண்டும் என்ற குரல் இப்போதே கேட்கிறது. நாமும் அதையே கேட்கிறோம். ஆனால் அந்தக் குரலோடு இந்தக் கோரிக்கையும் சேரட்டும்: வெளியேறும்போது பதிவாகும் சேவும் கிராஷ் மீட்புச் சேவும் முதல் நாளிலேயே இருக்க வேண்டும்; சேவைக் கட்டுப்படுத்தும் எந்த மோடும் நீண்ட நேரச் சோதனையில் நிலையாக ஓடிய பிறகே வெளியாக வேண்டும்; சர்வர் கோளாறால் இறந்த கதாபாத்திரத்தைத் திருப்பித் தரும் விதி எல்லோருக்கும் ஒன்றாக எழுதப்பட வேண்டும். கேமர்களே, அடுத்த முறை உங்கள் நண்பர் கிராஷால் இழந்ததைச் சொல்லி வருந்தும்போது அவரை ஈஸி மோடுக்கு அனுப்பாதீர்கள். அவரோடு சேர்ந்து நிறுவனத்துக்கு எழுதுங்கள். ஹார்ட்கோர் விளையாடுபவர்களே கேட்டால்தான் இது நடக்கும்.